காருக்கடியில் வெர்னா

காருக்கு அடியிலிருந்து இரண்டு பூட்ஸ் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வெர்னா பெல்கியை முதன்முதலாகச் சந்திக்கும் பலருக்கும் அறிமுகம் அவ்வளவுதான். முகம் வெளியே வரப் பத்து நிமிடமாகும். குரல் அதற்கு முன்பே வந்துவிடும்.

"கீழே எல்லாம் புதுசாக் கறுப்புப் பெயின்ட் அடிச்சிருக்கியே, எதுக்கு கண்ணு? யார் வந்து படுத்துப் பாக்கப் போறாங்கன்னு இவ்வளவு அலங்காரம்?"

விற்க வந்தவர் ஏதோ முனகுவார். பிறகு சின்னச் சுத்தியலின் சத்தம் கேட்கும். 'டொக்' என்றால் நல்ல இரும்பு. 'சொத்' என்றால் துரு. அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தின் இந்த வடகோடியில் வருடத்தில் ஐந்து மாதம் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அது பனியைக் கரைத்துவிட்டு, மிச்சப் பசிக்குக் காரைத் தின்கிறது. மேலே பளபளவென்று இருக்கும் வண்டிக்குக் கீழே விரலை விட்டால் பொலபொலவென்று உதிரும். "மேலே கல்யாணப் பொண்ணு, கீழே கல்லறை" என்று அறிவித்தபடி வெர்னா வெளியே ஊர்ந்து வருவார். அடியில் விரித்துப் படுத்த அட்டையை மடித்துக் கக்கத்தில் செருகிக்கொள்வார். அதோடு பேரம் முடிந்தது.

வயது அறுபத்துமூன்று. இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இப்போது ஒரு சின்னச் சங்கத்தில் வேலை. கையில் அதிகம் காசில்லாத கிராமத்துக் குடும்பங்களுக்கு, நாலு மாதத்தில் செத்துப்போகாத பழைய கார் ஒன்றைத் தேடித் தருவது, அதற்குக் குறைந்த வட்டியில் வங்கிக் கடன் வாங்கித் தருவது, கையெழுத்துப் போடும்வரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருப்பது: இதுதான் சங்கத்தின் வேலை. முறைக்கும் பகுதி முழுவதும் வெர்னாவுடையது.

சங்கத்தின் அலுவலகம் எங்கள் ஊர் நூலகத்தின் பின்னறை. நான் நூலகத்தின் முன்மேசையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். எனவே வெர்னாவின் குரல் எனக்கு அலுவலகச் சாமான்களில் ஒன்று. அவரை வாய் திறக்க வைக்க வேண்டுமென்றால், "இங்கே கார் அவ்வளவு அவசியமா?" என்று யாராவது கேட்டால் போதும்.

"இங்கே பஸ் இருக்கா? ரயில் இருக்கா? மளிகைக் கடை பதினொரு மைல், டாக்டர் இருபத்தாறு மைல். இந்த ஊர்ல காருங்கறது காலு மாதிரி. காலை உடைச்சுக்கிட்டவனப் பாத்து, நடந்துபோய் வேலை தேடுங்கறாங்க!"

அவரிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் முதலில் இழப்பது தங்களுக்குப் பிடித்த நிறத்தை. "நிறம் வேலைக்குப் போகாது, கண்ணு." எனக்கும் அதுதான் நடந்தது. வெள்ளைக் கார் ஒன்றின் மீது ஆசைப்பட்டு அவரைக் கூட்டிப்போனேன். அடியில்கூடப் படுக்கவில்லை அவர். "வெள்ளையா? ராத்திரி பனி கொட்டினதும் காலையில எங்கே தோண்டுவே? பனி தள்ற வண்டிக்காரன் உன் காரையும் சேத்துத் தள்ளிட்டுப் போவான்." நான் இப்போது ஓட்டுவது மருந்துப் பாட்டில் நிறத்தில் ஒரு வண்டி. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதுதான் பெரிய குறை.

வாங்குகிற குடும்பம் மொத்தமும் வந்து காரில் உட்கார வேண்டும் என்பது அவருடைய இன்னொரு சட்டம். குழந்தை, குழந்தையின் நாற்காலி, மாமியார், நாய், எல்லாம். ஒருமுறை நாய் இறங்க மறுத்துவிட்டது. வேறு எதையும் பரிசோதிக்காமல், "இதுக்கு ஹீட்டர் பிடிச்சிருக்கு, அது போதும்" என்று முடித்துவிட்டார் என்று ஊரில் சொல்கிறார்கள். வெர்னா மறுக்கிறார். "டயரையும் பாத்தேன்" என்கிறார்.

போன ஜனவரியில் கோக்கி தம்பதி வந்தார்கள். கெய்லீனுக்கு முப்பத்துநாலு வயது. முப்பத்தொரு மைல் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். கணவன் ட்ராவிஸ் மர அறுவை ஆலையில் முதுகை ஒடித்துக்கொண்டு, இரண்டு பெண் குழந்தைகளோடு வீட்டில் இருந்தான். இருந்த கார் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நின்றுவிட்டது. கெய்லீன் அதிகம் பேசமாட்டாள். அவளுக்கும் சேர்த்து ட்ராவிஸ் பேசினான். சாலையோரத்தில் விற்பனைக்கு நின்ற ஒரு சிவப்புப் பிக்கப் வண்டியைப் பார்த்துவைத்திருந்தான்.

"எட்டு சிலிண்டர், வெர்னா! மரம் ஏத்தலாம், படகு இழுக்கலாம்."

"படகு இருக்கா உன்கிட்ட?"

"இனிமே வாங்கலாம்ல."

"உன் பொண்டாட்டி தினம் அறுபத்திரண்டு மைல் போய்ட்டு வரணும். நீ அவளுக்குக் கார் பாக்கறியா, வராத படகுக்கு வண்டி பாக்கறியா?"

ட்ராவிஸ் கூரையைப் பார்த்தான். கெய்லீன் ஜன்னலைப் பார்த்தாள். அவள் உதட்டோரம் லேசாக அசைந்ததை நான் பார்த்தேன்.

நாலு கார்களை வெர்னா 'கல்லறை' என்று தள்ளினார். ஐந்தாவது, தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து ஓய்வுபெற்ற எவரெட் ஸ்டாடர்ட் என்ற பெரியவருடையது. ஒரே ஆள் ஓட்டிய வண்டி, உள்ளே துளி அழுக்கில்லை. அன்று பார்த்துப் பனி உருகி வாசலெல்லாம் கணுக்கால் சகதி. வெர்னாவுக்குத் தோள்வலி வேறு. பெரியவர் அப்போதுதான் அடுப்பிலிருந்து, மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுடும் 'பை' பலகாரம் ஒன்றை எடுத்திருந்தார். வெர்னா எஞ்சினைக் கேட்டார், ஆயிலைப் பார்த்தார், ஹீட்டரைப் போட்டார். படுக்கவில்லை. உள்ளே போய் இரண்டு துண்டு பை சாப்பிட்டுவிட்டு, "நல்ல வண்டி" என்றார். கோக்கி குடும்பம் அதை வாங்கியது.

சரியாக இருபத்துமூன்றாம் நாள், விடிவதற்குள், ஆற்றோரச் சாலையில் பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்பு துருவேறிய இடத்தில் ஒடிந்து, வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. கெய்லீனுக்கு அடி ஒன்றுமில்லை. பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி குளிரில் நாற்பது நிமிடம் நின்றாள். வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு. இன்னொரு முறை தாமதமானால் வரவே வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

தகவல் வந்ததும் வெர்னா பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவு சாத்தும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அரை மணி கழித்து வெளியே வந்தவர் முகம் சாம்பலாக இருந்தது.

"பை தின்னேன்" என்றார்.

"என்ன?"

"கார் பாக்கப் போன இடத்துல உக்காந்து பை தின்னேன். அந்தப் பொண்ணு என்னை நம்பி அதுல ஏறினா. பின்சீட்ல அந்தக் குட்டிங்க இருந்திருந்தா?"

"சகதியில எப்படிப் படுப்பீங்க? தோள் வலி வேற" என்றேன் சமாதானமாக.

"சாக்கு எனக்கும் சொல்லத் தெரியும். நீ புத்தகத்தைப் பாரு."

ஸ்டாடர்ட் பெரியவருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது. வெர்னா போய்ச் சொன்னதும், வாங்கிய பணத்தை அன்றே திருப்பிக் கொடுத்தார். கூடவே மனசு கேட்காமல் இன்னொரு பை. வெர்னா அதை நூலக மேசையில் குண்டு வைப்பதுபோல் வைத்துவிட்டுப் போனார். நாங்கள்தான் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது என்பதை அவரிடம் சொல்லும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

கோக்கி வீட்டுக்குப் போய் வெர்னா மன்னிப்புக் கேட்டது இரண்டு வரி. "தப்பு என்னோடது. நாளைக்குக் காலையில நாலே முக்காலுக்கு வாசல்ல இருப்பேன்." மறுநாள் இருந்தார். அடுத்த நாளும். மொத்தம் பத்தொன்பது வேலைநாள். வேலை முடிந்து திரும்ப, இல்லத்துச் சமையல்காரரின் வண்டியில் கெய்லீனுக்கு இடம் கிடைத்தது. காலைப் பயணம்தான் வெர்னாவோடு.

அந்தப் பயணங்களைப் பற்றிக் கெய்லீன் பிற்பாடு என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். முதல் ஐந்து நாள் இருவரும் பேசவில்லையாம். வெர்னாவின் சொந்தக் காரில் கதவு மூன்று தடவை அறைந்து சாத்தினால்தான் மூடும். ஹீட்டர் ஓட்டுநர் பக்கம் மட்டும் வேலை செய்யும். ஆறாம் நாள் கெய்லீன் வாய் திறந்தாள்.

"ஊருக்கெல்லாம் நல்ல வண்டி தேடித் தர்றீங்க. இந்தப் பக்கத்து ஹீட்டர் எங்கே போச்சு?"

"அதுக்குக் கூச்சம் ஜாஸ்தி. புது ஆளுன்னா வராது."

வழியில் ஒரு ரயில் கேட் வரும். பள்ளிப் பேருந்துப் பழக்கம் விடாமல், வெர்னா தினமும் அங்கே காரை நிறுத்தி, அந்தக் குளிரில் கண்ணாடியை முழுக்க இறக்கி, இரண்டு பக்கமும் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் நகர்வார்.

"வெர்னா, இந்தப் பாதையில ரயில் வந்து பதினொரு வருஷம் ஆச்சு."

"அதான் பயமே. இவ்வளவு நாள் வராதது எப்ப வேணாலும் வந்துடும்."

கெய்லீன் சிரிக்க ஆரம்பித்து, இல்லம் வந்து சேரும்வரை நிறுத்தவில்லையாம். அன்றிலிருந்து பேச்சு வந்துவிட்டது. வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று தூக்கமில்லாமல் கிடப்பதை, ட்ராவிஸிடம் சொல்லாததை, அவள் அந்தக் காரில்தான் சொன்னாள். வெர்னா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "ட்ராவிஸ் படகு வாங்கற வரைக்குமாவது உன்னை வேலையில வெச்சிருக்கணும்" என்றார்.

பன்னிரண்டாம் நாள் புயல். ஆற்றோரச் சாலையில் மரம் சாய்ந்து கிடந்தது. வெர்னா அரை மைல் பின்னாலேயே ஓட்டி, மரம் வெட்டுகிறவர்கள் போகும் காட்டுப் பாதையில் திரும்பினார். கெய்லீன் கண்ணை மூடிக்கொண்டாள். வெர்னா பள்ளிக் குழந்தைகளை அதட்டும் குரலில், "எல்லாரும் உக்காருங்க, யாரும் எழுந்திருக்கக் கூடாது!" என்று காலியான பின்சீட்டுக்கு உத்தரவு போட்டபடி ஓட்டினாராம். ஆறு மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது இல்லத்து வாசலில் நின்றது வண்டி. மேலாளர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெர்னா அவருக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

மார்ச் மாதம் அடுத்த கார் வந்தது. வேகவைத்துக் கடைந்த பட்டாணியின் நிறம். "இதுக்கெல்லாம் நிறம்னு பேரா?" என்று ட்ராவிஸ் தலையில் கைவைத்தான். வெர்னா அட்டையை விரித்துப் படுத்து உள்ளே போனார். சற்று நேரத்தில் கெய்லீனும், யாரும் சொல்லாமலே, மறுபக்கம் தரையில் படுத்து நுழைந்தாள். நூலக வாசலிலிருந்து பார்த்தால் காரின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கால்கள். ட்ராவிஸ் இடுப்பில் சின்னவளோடு, எந்தக் காலிடம் பேசுவது என்று தெரியாமல் நின்றான்.

"வெர்னா, இங்கே ஒரு இடம் சொத்துன்னு கேக்குது!"

"அது வண்டி இல்லே, கண்ணு. என் முழங்கை."

முக்கால் மணி நேரம் இருவரும் வெளியே வரவில்லை. வந்தபோது தலைமுடியெல்லாம் மண். வெர்னா கெய்லீனைப் பார்த்தார். "என்ன சொல்றே?" என்று கேட்டார். அவர் ஒரு காரைப் பற்றி இன்னொருவரிடம் கேட்டதை நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

"எடுத்துக்கறேன்" என்றாள் கெய்லீன்.

வண்டி ஒப்படைத்த அன்று காலையில் புதுப்பனி மெலிதாகப் பெய்து விட்டிருந்தது. முந்தின நாளே வாங்கி நூலக வாசலில் நிறுத்தியிருந்த காரில் குடும்பம் ஏறியது. கெய்லீன் இறங்கி வந்து வெர்னாவைக் கட்டிக்கொண்டாள். "விடு, விடு, வேலைக்கு நேரமாச்சு" என்று வெர்னா அவளை விரட்டினார். அன்று ஞாயிற்றுக்கிழமை. கார் திரும்பிச் சாலையில் ஏறியது. பின்கண்ணாடியில் இரண்டு சின்னக் கைகள் ஆடின. நானும் கையை ஆட்டினேன்.

பக்கத்தில் வெர்னாவைக் காணோம். திரும்பிப் பார்த்தேன். ராத்திரி முழுக்கக் கார் நின்றிருந்த, நீள்சதுரமாகப் பனிபடாத இடத்தில் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி, வெறும் உள்ளங்கையால் தரையை மெதுவாக, ஓரம் ஓரமாகத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு சொட்டு ஆயில் இல்லை.