பொட்டு வைத்த கீபோட்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். மாவை உருட்டிப் பழகிய கை பேனையைப் பிடித்தால் எழுத்துகளும் உருண்டுதான் போகின்றன. ஐந்தாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று சந்தேகம் வந்தால் முன்பெல்லாம் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்பேன். இப்போது கேட்க ஆளில்லை. ஆகவே பிழைகள் இருக்கும். பிழையோடுதான் எழுதப்போகிறேன்.

என் முன்னால் இருப்பது பழைய பொருள் சந்தையில் வாங்கிய ஒரு கீபோட். மேலே ஒரு வரிசையில் சாம்பல் நிறச் சிறு பொத்தான்கள். எல்லாம் ஒரே மாதிரி. அவற்றில் ஒன்றில் மட்டும் சிவப்பாக ஒரு பொட்டு இருக்கிறது. பாதி உரிந்துபோய்விட்டது. அதை அமர்த்தினால் தாளம் தொடங்கும். ஆட்கள் முன்னால் உட்கார்ந்தால் எனக்குக் கண் இருட்டும், எந்தப் பொத்தான் எது என்று தெரியாது. அதற்காக மச்சாள் வைத்த பொட்டு அது. மச்சாள் என்றால் என் அண்ணையின் மனைவி. நகப்பூச்சு பூசுவதே பாவம் என்று சொல்லுகிறவர், மேல்மாடியில் இருந்த போலந்துக்காரப் பெண்ணின் கதவைத் தட்டிச் சிவப்பு நகப்பூச்சு வாங்கி வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு அந்தப் பொத்தானில் ஒரு துளி வைத்தார். எங்கள் கிறிஸ்தவ சபையில் பெண்கள் பொட்டு வைப்பதில்லை. வேலை முடிந்து வந்த அண்ணை பார்த்துவிட்டு, “எங்கட சபையிலை பொட்டு வைச்ச ஒரே ஆள் உந்தக் கீபோட்தான்” என்றார். மச்சாள் சிரிக்கவில்லை. “சிரிக்கிறதெண்டால் வெளியிலை போய்ச் சிரியுங்கோ. அது காயவேணும்” என்றார்.

ஒரு பொத்தானுக்கு ஏன் பொட்டு வைக்க வேண்டிவந்தது என்று சொல்ல வேண்டும்.

கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்தில் ஒரு சிறு ஊரில் நாங்கள் இருந்தோம். அண்ணை வீடு கீழ்த்தெருவில், நான் பேக்கரிக்கு மேலே ஓர் அறையில். அண்ணைக்கு ஒரே மகள். வீட்டில் வாய் ஓயாமல் கதைக்கிற பிள்ளை, பள்ளிக்கூட வாசலைக் கடந்ததும் ஊமையாகிவிடுவாள். ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் கொஞ்சம் தெரியும், நானும் அப்படிப்பட்டவன்தான். நாலாம் வகுப்பு முடிவில் ஆசிரியை தாயைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளையை சொண்டர்ஷூலவுக்கு அனுப்புங்கள் என்றார். படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கென்று இருந்த பள்ளிக்கூடம் அது. யாழ்ப்பாணத்தில் கணக்கு ரீச்சராக இருந்த மச்சாள் அன்று வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றாமலே குசினிக் கதிரையில் இருந்தார். “கதைக்காத பிள்ளையை மொக்குப் பிள்ளை எண்டு எழுதிப்போட்டாங்கள்” என்றார். பிறகு, “நான் அனுப்பமாட்டன்” என்றார். அவ்வளவுதான். அனுப்பவில்லை.

ஜேர்மனியில் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிப்பது சட்டத்துக்கு மாறானது. அது எங்களுக்குத் தெரியாமல் நடந்த காரியமில்லை. கடிதங்கள் வந்தன. கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அண்ணை பயந்து, “உமக்கு விசர், எங்களை நாட்டை விட்டுத் துரத்தப்போறாங்கள்” என்று கத்தினார். மச்சாள் வந்தவர்களை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்து, மகளைக் கொண்டு ஜேர்மன் வாசிக்க வைத்தார். பிள்ளை சிலநேரம் வாசிப்பாள், சிலநேரம் வாசிக்கமாட்டாள். அவள் வாசித்த நாட்களில் வந்தவர்கள் குழம்பிப்போனார்கள், வாசிக்காத நாட்களில் இன்னொரு கடிதம் வந்தது. இதே ஊரில் ஒரு ஜேர்மன் தச்சர் குடும்பமும் விசுவாசத்தின் காரணமாகத் தங்கள் மகனை வீட்டில் வைத்திருந்தது. ஒரு ஜெபக்கூட்டத்தில் மச்சாள் தச்சரின் மனைவியைச் சந்தித்தார். அதன்பின் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பள்ளிக்கூடம், அது எங்கள் குசினி மேசை. தச்சரின் மனைவி ஜேர்மன் இலக்கணம், மச்சாள் கணக்கு. காலையில் வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபம் செய்து, ஒரு பாட்டு. அந்தப் பாட்டுத்தான் அவர்களின் பள்ளிமணி. தச்சரின் மனைவி மத்தியானம்தான் வருவார் என்பதால் அந்தப் பாட்டை அவர் கேட்டதில்லை. பிறகு நடந்ததற்குக் காரணம் அதுதான்.

சட்டத்தில் ஒரு வாசலும் இருந்தது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லாத ஒருவர் வெளியாளாக வந்து ஒன்பதாம் வகுப்புச் சோதனை எழுதலாம். இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு கோடையில் இரண்டு பிள்ளைகளும் எழுதினார்கள், இரண்டு பேரும் பாஸ். த்சொய்க்னிஸ், அதாவது சான்றிதழ், தபாலில் வந்தது. மச்சாள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப உறைக்குள் வைத்து ஒட்டினார். “தபால்காரன் தந்தால் தந்ததாகுமே? சபைக்கு முன்னாலை, எழும்பி நடந்து வந்து வாங்கவேணும்” என்றார். பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு பட்டமளிப்பு விழா. அதற்கு வாத்தியம் நான்.

ஏலாது என்றேன். ஞாயிறு ஆராதனையில் தூணுக்குப் பின்னால் இருந்து வாசிப்பேன், அது வேறு. இது அலுவலகக்காரரையும் அயலவரையும் அழைத்து நடத்துகிற காரியம். “மச்சாள், நான் அஞ்சாம் வகுப்பு. பட்டமளிப்பிலை நான் இருந்து வாசிக்கிறது வடிவில்லை” என்றேன். அவர் என்னைப் பார்த்து, “தம்பி, அவளும் நாலாம் வகுப்போடை நிண்டவள்தான். நாலும் அஞ்சும் ஒன்பது. ஒன்பதாம் வகுப்புச் சோதனைதானே அவள் பாஸ் பண்ணினது” என்றார். கணக்கு ரீச்சர் அப்படிக் கணக்குக் காட்ட, நான் சம்மதித்தேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் குசினி மேசையில் கூடினோம். தச்சரும் மனைவியும், மச்சாள், மகள், நான், நடுவில் கீபோட். முதலில் பிள்ளைகள் உள்ளே வரும்போது என்ன பாட்டு என்ற கேள்வி. மச்சாளுக்கு அதில் கேள்வியே இல்லை. காலை மேசைப் பாட்டுத்தான். யாழ்ப்பாணத்தில் எங்கள் வேதக்கோயிலில் மணப்பெண் உள்ளே வரும்போது பாடுகிற பாட்டு அது. மத்தளமும் தாளமுமாகக் கூரை அதிரும். நான் அதைச் சின்ன வயதில் ஆர்மோனியக்காரருக்குப் பக்கத்தில் நின்று காதால் பிடித்தவன். கூச்சத்தில் தாளம் போடாமல், வெறும் மெட்டை மட்டும் மெதுவாக வாசித்துக் காட்டினேன்.

தச்சர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். அவர் மனைவி கையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். நான் வாசித்து முடிக்கவில்லை. மகளைப் பார்த்து அவர் ஏதோ சொன்னார். மகள் எங்களிடம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: “இது குழிக்குள்ளை பெட்டியை இறக்கேக்கை பாடுற பாட்டாம். அவவின்ர அப்பாவுக்கும் இதைத்தான் பாடினவையாம்.”

எந்தக் காலத்திலோ ஒரு ஜேர்மன் போதகர் கப்பலில் கொண்டுபோன மெட்டாக இருக்கும் என்று எங்கள் பாஸ்டர் பிறகு சொன்னார். தமிழில் சொல் மாறியது, கடல் தாண்டி எங்கள் பக்கம் வருவதற்குள் நடையும் மாறியது. இவர்கள் புதைக்கிற மெட்டில் நாங்கள் பெண் அழைத்திருக்கிறோம், தலைமுறை தலைமுறையாக. அன்று எனக்கு அதொன்றும் தெரியாது. கையை மடியில் ஒளித்துக்கொண்டேன். தச்சர் மரியாதையாக, வேறு பாட்டு வைப்போம், விழாக்களுக்கென்று நல்ல அணிநடை இசை இசைத்தட்டில் இருக்கிறது, தான் கொண்டுவருவதாகச் சொன்னார். அதுதான் எல்லாருக்கும் நல்லது என்று நானும் நினைத்தேன். எனக்கும் விடுதலை.

மச்சாள் எழும்பி நின்றார். தமிழில்தான் சொன்னார், ஏனென்றால் கோபம் வந்தால் அவருக்கு ஜேர்மன் வராது. “இந்த நாட்டிலை என்ர பிள்ளையைப் புதைக்கத்தான் பாத்தவை. அந்தப் பாட்டிலையே அவள் நடந்து வரட்டும்.”

யார் இதை மொழிபெயர்ப்பது? தச்சரின் மனைவியோ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் இதைக் கொஞ்சம் பஞ்சு வைத்துச் சொல்லுவாள், அல்லது வழக்கம்போல் வாயை மூடிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் முதுகை நிமிர்த்தி, தச்சரின் மனைவியின் முகத்தைப் பார்த்து, தாய் சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் ஜேர்மனில் சொன்னாள். எனக்கு ஜேர்மன் குறைவு, ஆனால் புதைப்பது என்ற சொல் தெரியும். அதை அவள் விழுங்கவில்லை.

பிறகு தச்சரின் மனைவி மூக்கைச் சிந்திவிட்டு ஏதோ சொல்ல, மகள் சிரித்துவிட்டாள். “சித்தப்பா, அப்ப கெதியா வாசிக்கட்டாம். அவவுக்குக் கண்ணீர் வாறதுக்கு முதல் நாங்கள் முன்னுக்கு வந்து சேரவேணுமாம்.”

அன்றைக்குத்தான் அந்தச் சிவப்புப் பொட்டு வைத்தது. தாளம் இருந்தால் கலியாணம், இல்லாவிட்டால் சவ அடக்கம். எல்லாம் ஒரு பொத்தானில்.

விழா நாளில் வாடகை மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் ஆட்கள் சேலையிலும் கோட்டிலும். தச்சர் பக்கத்து முதியவர்கள் முன் வரிசையில். பிள்ளையை மொக்கு என்று எழுதிய ஆசிரியைக்கும் மச்சாள் அழைப்பு அனுப்பியிருந்தார். அவர் வரவில்லை. அவருக்கென்று மச்சாள் ஒரு கதிரையைக் கடைசிவரை வெறுமையாக வைத்திருந்தார், ஒருவரையும் இருக்க விடவில்லை. கதவடியில் பிள்ளைகள் இரண்டு பேரும் தயாராக நிற்க, பாஸ்டர் எனக்குத் தலையசைத்தார்.

எனக்குக் கண் இருட்டியது. பொட்டும் மறந்தது, தாளமும் மறந்தது. மெட்டு மட்டும் கையில் வந்தது, அதுவும் ஆகக் குறைந்த வேகத்தில். முன்வரிசை முதியவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழும்பினார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கைகளைக் கோத்துத் தலை குனிந்தார்கள். எங்கள் ஆட்களோ கலியாண வீட்டு நினைவில் சிரித்துக்கொண்டு கைதட்டத் தயாராக நின்றார்கள். கதவடியில் மகளின் கால் எடுபடவில்லை. பள்ளிக்கூட வாசலில் நின்ற அதே முகம் அவளுக்கு வந்துவிட்டதைக் கண்டேன்.

அப்போது மண்டபத்தின் அந்தக் கடைசித் தொங்கலிலிருந்து மச்சாளின் குரல் வந்தது. வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்கிற ரீச்சர் குரல். “தம்பி! பொட்டை அமத்துங்கோ!”

அமர்த்தினேன். தாளம் பாய்ந்தது. தொப்பி கழற்றியவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். எங்கள் பெண்கள் பாடத் தொடங்கினார்கள், தொண்டை கிழிய. பிள்ளைகள் நடந்தார்கள். மகள் சிரித்துக்கொண்டு, வெறுங் கதிரையைக் கடந்து, மணப்பெண் நடக்கிற நடையில் வந்தாள். தச்சரின் மனைவி அழுதுகொண்டே கைதட்டினார், தாளம் தப்பாமல். தொப்பிக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டு அவரும் தட்டினார். மச்சாள் உறையைக் கொடுக்க, மகள் வாங்கி, ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று ஒரு சங்கீதத்தை இரண்டு மொழியிலும் வாசித்தாள். மண்டபம் முழுக்கக் கேட்டது.

சட்டத்தை மதிக்க வேண்டும் என்று இதைக் கேட்ட சிலர் எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். மதியுங்கள். நான் அன்றைக்கும் மச்சாள் பக்கம், இன்றைக்கும் மச்சாள் பக்கம்.

இந்த ஆண்டு மாரிக்காலம் முடியுமுன் மச்சாள் போய்விட்டார். மார்பில் வந்த நோய். ஆஸ்பத்திரியில் ஒருநாள் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, “தம்பி, அந்தப் பாட்டை எனக்குப் பாடிப்போடாதேங்கோ. அது என்ர பிள்ளை பாஸ் பண்ணின பாட்டு” என்றார். அடக்கத்துக்கு முதல்நாள் மயானத்துச் சிற்றாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர் எங்களிடம் பாட்டுகளைப் பேச வந்தார். நல்ல மனிதர். இறுதிப் பாட்டாக வழக்கமாக இதைத்தான் வைப்பது என்று சொல்லி இரண்டு வரி வாசித்தும் காட்டினார். அதே மெட்டு. அண்ணை தலை குனிந்திருந்தார். இப்போது நோயாளர் பராமரிப்பு படித்து வேலை செய்கிற மகள், எனக்காக மொழிபெயர்க்க வாயெடுத்தாள். அவள் தொடங்குவதற்குள் நான் எழும்பிவிட்டேன்.

“நைன்” என்றேன். “தஸ் நிஹ்ட்.” இல்லை, இது வேண்டாம். ஜேர்மனியில் இத்தனை வருடத்தில் ஓர் ஆளின் முகத்தைப் பார்த்து நான் இல்லை என்று சொன்னது அதுதான் முதல்தடவை. அவர் ஏன் என்று கேட்டார். என்னிடமிருந்த ஜேர்மனில் சொன்னேன்: இது எங்களுக்குக் கலியாணப் பாட்டு.

இன்று ஜேர்மன்காரர் தங்கள் இறந்தவர்களை நினைக்கிற ஞாயிறு. எதிரிலுள்ள கோயிலிலிருந்து காலையில் அந்த மெட்டு வந்தது, மெதுவாக, ஈரத் துணியை இழுப்பதுபோல. நான் யன்னலை அகலத் திறந்தேன். குளிர் அடித்தது. கீபோட்டை யன்னலடிக்கு இழுத்து, சத்தத்தைக் கூட்டி, மச்சாள் வைத்த பொட்டை அமர்த்தினேன். கீழே தெருவில் பூக்கொத்தோடு மயானத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கிழவி நின்று மேலே பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் ஒளியவில்லை. கடைசி வரிவரை வாசித்தேன். பிறகுதான் பேனையை எடுத்தேன்.

2009 கார்த்திகை 22, ஞாயிறு.