ஐந்து தொட்டிகளில் ஒன்று

தொண்ணூறுகளின் நடுவில் என் கணவர் புகையிலையை விட்டார். ஜீவனஹள்ளியில் மொட்டைமாடியோடு சின்ன வாடகை வீடு எங்களுக்கு. அவர் பட்டறையில் லேத் ஓட்டினார். நான் பக்கத்துப் பள்ளியில் தமிழ் எடுத்தேன். வெற்றிலையோடு புகையிலை போடுவது அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பழக்கம். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. வெட்டியெடுத்துப் பரிசோதித்த டாக்டர், "இந்தத் தடவை தப்பிச்சீங்க" என்றார். அன்றோடு நிறுத்திவிட்டதாக இவர் சொன்னார். நான் முழுதாக நம்பவில்லை. துவைக்கப் போடும் சட்டைப் பையையெல்லாம் வெளியே திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஐந்து நாற்றுகளோடு வந்து நின்றார். பட்டறையில் கூட வேலை செய்பவர் கொடுத்ததாம்.

"பூச்செடிம்மா. சாயங்காலமானா விரியுமாம், நல்லா மணக்குமாம்."

"பேரு என்னங்க?"

"பேரெல்லாம் கேக்கல."

கொடுத்தவர் ஹுணசூர்க்காரர். மைசூர் தாண்டி அந்தப் பக்கம் புகையிலைதான் விளைச்சல் என்று எனக்குத் தெரியும். மாடியில் தொட்டிக்கு ஒன்றாக நட்ட நாற்று ஒரு சாண் வளர்ந்ததும் இலையைத் தொட்டேன். பிசுக்கென்று விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்ததும் மனசு கெட்டுவிட்டது. ஓர் இலையைக் கிள்ளிக் காகிதத்தில் மடித்து, எங்கள் பள்ளி சயின்ஸ் டீச்சரிடம் கொண்டுபோனேன்.

"இது புகையிலைக் குடும்பந்தான் மிஸ்," என்றார் அவர்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார்.

"அதுல அழகுக்கு வளக்குற ஜாதியும் இருக்கு. சின்னதுல எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியும். பூச்செடியா இருந்தா இலை தரையோட படர்ந்துக்கும், நடுவுல ஒல்லியா தண்டு வரும், நீளமான குழல் வச்ச பூ பூக்கும். பெரும்பாலும் வெள்ளை. வாயில போடுற ஜாதின்னா ஆள் உயரம் போகும். இலை முறமாட்டம் இருக்கும், காம்பே இல்லாம தண்டைக் கட்டிப் பிடிச்சுக்கும். பூ ரோஸ். தண்டு விடட்டும், அப்பத்தான் சொல்ல முடியும்."

காத்திருந்தேன். காலையில் துணி உலர்த்தப் போகும் சாக்கில் தொட்டிகளைப் பார்ப்பேன். கணவர் அங்கே நின்றால் எதற்கு நிற்கிறார் என்று தோன்றும். நிற்காவிட்டால் நான் இல்லாதபோது வருகிறாரோ என்று தோன்றும். சாப்பிட்டபின் சோம்பு மென்றால்கூட எதை மறைக்க மெல்லுகிறார் என்று பார்த்தேன். நான்கு செடிகள் தரையோடு தங்கின. தண்ணீர்த் தொட்டி ஓரம் இருந்த ஐந்தாவது மட்டும் கிடுகிடுவென்று உயர்ந்தது. அதன் இலைகள் தண்டை அணைத்தபடி அகன்று விரிந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்தால், அதன் அடியிலைகளைக் காணோம்.

"நத்தை தின்னிருக்கும்," என்றார்.

"நத்தைக்குக் கத்தி ஏதுங்க? வெட்டின மாதிரி இருக்கே."

நான் மாடி முழுக்கத் தேடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பலகை போட்டு மூடிய ஒரு வாளி. உள்ளே பழுப்புத் தண்ணீரில் இலைத் துண்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. கத்திவிட்டேன். பக்கத்து மாடியில் வடாம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"செம்பருத்தியில மாவுப்பூச்சிம்மா. இந்தத் தண்ணியில சோப்பு கலந்து அடிச்சா செத்துடும்னு பட்டறையில சொன்னாங்க."

"அப்ப நத்தைன்னு ஏன் சொன்னீங்க?"

"நிஜத்தைச் சொன்னா மட்டும் நம்பியிருப்பியா?"

பிறகு வெயிலுக்கு நேராகத் திரும்பி, வாயை அகலத் திறந்து, கன்னத்தை விரலால் விலக்கிக் காட்டினார். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அப்படி அவர் வாய்க்குள் நான் பார்த்ததில்லை. தழும்பு இளஞ்சிவப்பாக, சுத்தமாக இருந்தது. இருந்தாலும் அந்த வாளியை அவர் கையில் விடாமல் நானே செம்பருத்திக்கு அடித்தேன். மறுவாரம் பூச்சி உதிர்ந்திருந்தது.

ஐந்தாவது செடி ரோஸ் மொட்டு விட்டது. அதை அவரே வேரோடு பிடுங்கினார். மற்ற நான்கும் வெள்ளையாகப் பூத்தன. ஒரு நிச்சயதார்த்தத்தில் அந்த ஹுணசூர்க்காரரைச் சந்தித்தபோது, "ஏன்யா இப்படிப் பண்ணினே?" என்றேன்.

"ஐயோ அக்கா, நான் பூ விதைதான் போட்டேன்," என்றார். "மண்ணு ஊர்லேருந்து வந்தது. நம்ம ஊர் மண்ணை அள்ளினா ஹொகேசொப்பு, அதான் புகையிலை, தானா வரும். சத்தியமா எனக்குத் தெரியாது."

அவரை நம்பினேன். என் கணவரையும் கிட்டத்தட்ட நம்பினேன்.

அடுத்த மழைக்கு, உதிர்ந்த பூ விதையோ, அந்த ஊர் மண்ணில் கிடந்ததோ, எல்லாத் தொட்டியிலும் குட்டி நாற்றுகள் கிளம்பின. அவர் மாடியிலிருந்து கூப்பிட்டார்: "வந்து பாரும்மா, எதை வைக்கணும், எதைப் பிடுங்கணும்னு நீயே சொல்லு." போய்க் குனிந்து பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. "தண்டு விடட்டும்," என்றேன்.