காத்திவாக்கம் நண்டுக்கு நாள் பார்த்த கதை

தை மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை சரியாக எட்டு மணிக்கு, காலடிப்பேட்டை வீட்டைப் பூட்டிக்கொண்டு நாங்கள் நான்கு பேரும் புறப்பட்டோம். நான், என் மனைவி சாந்தி, மகள் புவனா, மருமகன் சரவணன். போகிற இடம் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய காத்திவாக்கம். வீட்டிலிருந்து ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்கு ஆளுக்கு முப்பது ரூபாய். காரியம், சேற்று நண்டு பிடிப்பது.

எட்டு கிலோமீட்டருக்கு ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். இந்த எட்டு கிலோமீட்டருக்கு நாள் குறிக்க எனக்கு ஒன்பது மாதம் ஆனது.

மாப்பிள்ளைக்கு ஊர் ஈரோடு. சரக்கு லாரி கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். கல்யாணம் முடிந்து ஒரு மாதத்திலேயே, கம்பெனி அவரை ஓசூருக்கோ எண்ணூருக்கோ மாற்றப் போகிறது என்று சொன்னார். எந்த ஊர் என்று அவரே எழுதிக் கொடுக்கலாமாம். எனக்கு இருப்பது ஒரே பெண். எண்ணூர் என்று எழுதிவிட்டால் அவள் பக்கத்திலேயே இருப்பாள். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் எங்கள் பக்கத்தைப் பற்றிப் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும்: புகை, லாரி, ரவுடி. வாயால் சொன்னால் நம்ப மாட்டார், கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். கழிமுகத்தில் இறங்கி ஒரு நண்டைப் பிடித்துவிட்டால் எப்பேர்ப்பட்டவருக்கும் எங்கள் ஊர் பிடித்துவிடும் என்பது என் நம்பிக்கை.

அதற்கு ஏற்ற மாதம் எது? சித்திரையிலிருந்து ஆனி வரை முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும், வெயிலும் தாங்காது. ஆடியில் புது மாப்பிள்ளையை வீட்டுக்கு அழைத்துத் தங்க வைக்க முடியாது. ஆவணியில் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. புரட்டாசியில் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. ஐப்பசியில் மழை, கழிமுகம் முழுக்க வெள்ளத் தண்ணீர். கார்த்திகையில் நான் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவேன். மார்கழியில் விடியற்காலை பஜனையில் ஜால்ரா என் பொறுப்பு. மிஞ்சியது தை.

தையில் மழை ஓய்ந்து முகத்துவாரம் திறந்திருக்கும், நண்டும் வளர்ந்திருக்கும். அமாவாசையை ஒட்டிப் பிடித்தால்தான் ஓட்டுக்குள் சதை நிறைய இருக்கும், பௌர்ணமி நண்டு வெறும் தண்ணீர் என்பார்கள் மீன்காரர்கள். ஆனால் அமாவாசை என் அப்பாவுக்குத் திதி கொடுக்கும் நாள். அன்றைக்கு நண்டைக் கையால் தொடுவேனா? வியாழன் அமாவாசை. வெள்ளி திருவொற்றியூர் வடிவுடையம்மாவுக்கு. சனி பெருமாளுக்கு. ஞாயிறுதான் நாள். அந்தச் சனிக்கிழமையே பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள். திங்கட்கிழமை அவர் கம்பெனியில் ஊரை எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாம் கூடி வந்ததைப் பார்த்து, அம்மாவே நாள் குறித்துக் கொடுத்தாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

8.40. திருவொற்றியூர் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. மாப்பிள்ளை கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் துறைமுகத்துக்குப் போற வண்டிங்க மாப்ள. நம்ம வண்டிங்கதான்" என்றேன், ஏதோ நானே வாங்கி விட்டதைப் போல.

"சரிங்க மாமா" என்றார்.

புவனா அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்தே அடக்கமாகத்தான் பேசினாள். "தண்ணி குடிக்கறீங்களா?" என்று அவரிடம் மெல்லக் கேட்டாள். பெண் நன்றாகப் பழகிக்கொண்டாள் என்று எனக்குப் பெருமை.

9.05. காத்திவாக்கம். படகுத்துறையில் வலை தைத்துக்கொண்டிருந்தான் தேசிங்கு. முப்பது வருடப் பழக்கம். முன்பு என்னோடு கன்டெய்னர் யார்டில் வேலை செய்தவன், இப்போது கழிமுகமே கதி என்று இருப்பவன். எங்களைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்தான்.

"வா மாமு. இன்னா, ஊர்கோலமா வந்துகினு கீறே?"

"நண்டு புடிக்கத்தான் நைனா. மாப்ள வந்துகீறாரு."

"நண்டா? அத்தோ பாரு தண்ணிய. இடுப்புக்கு மேல ஏறிக்கினு கீது. பத்தரைக்குள்ள கழுத்துக்கு வந்துரும். உன்ன எத்தினி மணிக்கு வரச் சொன்னேன்?"

நான் தலை குனிந்தேன். அஞ்சு மணிக்கு வரச் சொல்லியிருந்தான். காலையில் தண்ணீர் இறங்கி, சேற்றில் நண்டு வளை தெரியும் நேரம் அது. தலையாட்டிவிட்டு வந்து, நாட்காட்டியைப் பார்த்தேன். நல்ல நேரம் ஏழே முக்காலிலிருந்து எட்டே முக்கால் என்று போட்டிருந்தது. சூலம் மேற்கு, எண்ணூர் வடக்கே இருக்கிறது, தடையில்லை. மாப்பிள்ளையை முதல்முதலாக ஒரு காரியத்துக்கு அழைத்துப் போகிறேன், நல்ல நேரம் பார்க்காமல் எப்படிப் புறப்படுவது? தண்ணீர் எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்துவிட்டேன். ஒன்பது மாதம் மாதத்தையும் நாளையும் பார்த்தவன், மணியைக் கடலிடம் கேட்கவில்லை.

"நல்ல நேரம் பாத்து வந்தியா? கடலுக்குக் காலண்டர் யாரு குட்த்தது?" என்று சிரித்தான் தேசிங்கு.

சாந்தி சும்மா இருக்கவில்லை. "எனுக்கு அப்பவே தெரியும். இந்த ஆளு என் கல்யாணத்துல தாலி கட்டச் சொன்னப்பவும் கடியாரத்தப் பாத்துக்கினு நின்னாரு."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "பரவாயில்லீங்க மாமா, போயர்லாமுங்க" என்றார். அந்தப் 'போயர்லாமுங்க' எனக்கு ஓசூர் என்றே காதில் விழுந்தது.

"மறுபடி எப்ப வளை தெரியும்?" என்று தேசிங்கைக் கேட்டேன்.

"நாலே முக்காலுக்கு."

ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். என் வாழ்நாளில் ராகு காலத்தில் ஒரு புதுச் செருப்பைக்கூடக் காலில் மாட்டியதில்லை.

பகல் 1.15. அவர்களுக்கு ரயில் இரவு ஒன்பதுக்குத்தான். தேசிங்கு விடவில்லை, தன் வீட்டிலேயே சாப்பாடு என்றான். கானாங்கத்த மீன் குழம்பும் சோறும். மாப்பிள்ளை முள்ளுக்குப் பயந்து தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். புவனா தன் தட்டை ஒதுக்கிவிட்டு அவருக்கு முள் எடுத்துக் கொடுத்தாள். சாப்பிட்டு முடித்து நாங்கள் படகு நிழலில் உட்கார்ந்தோம். எதிரே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். கரையோரச் சேற்றில் சாம்பல் நிறம் படிந்திருந்தது. அதை மறைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"முன்ன இதவிட நல்லாருக்கும் மாப்ள" என்றேன்.

"எங்கூர்லயும் காவிரில சாயத்தண்ணி வருதுங்க மாமா" என்றார். அன்றைக்கு அவர் சொன்ன முதல் நீள வாக்கியம் அதுதான்.

4.20. தண்ணீர் நன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. கரை ஓரடி ஓரடியாக வெளியே வந்தது. நான் படகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் நகரவில்லை.

"இன்னாயா நிக்கிறே? மணி இன்னும் நாலரை ஆவல. இப்பவே கால நனைச்சிட்டா ஆரம்பிச்சது நல்ல நேரத்துலதான். முடியறது எப்ப முடிஞ்சா இன்னா?" என்றாள் சாந்தி.

வடிவுடையம்மாவே இவள் வாயால் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, நாலு இருபத்தாறுக்கு வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். மாப்பிள்ளையும் பேன்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

தேசிங்கு முனை வளைந்த இரும்புக் கம்பியோடு முன்னே போனான். சேற்றில் ஒரு வளையைக் கண்டு கம்பியை உள்ளே விட்டான். உள்ளே 'டக்' என்று ஓடு இடித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. இழுத்தான். பச்சை நிறத்தில், உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒரு நண்டு, கொடுக்கை விரித்துக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் தள்ளிப்போ தேசிங்கு மாமா, கம்பிய எனுக்குக் குடு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். புவனா. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எப்போது இறங்கினாள் என்றே தெரியாது. தேசிங்கு கம்பியைக் கொடுத்தான். அவள் இரண்டாவது வளையில் ஒன்றை எடுத்தாள். மூன்றாவதில் வந்தது வயிற்றில் முட்டையோடு இருந்தது. "போ தாயீ" என்று அதைத் தண்ணீரிலேயே விட்டான் தேசிங்கு.

அப்போதுதான் மாப்பிள்ளை "ஐயோ!" என்றார். வலது கால் முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டது. இழுக்க இழுக்க இடது காலும் இறங்கியது. நான் ராகு காலம் என்று நினைத்து உறைந்தேன்.

புவனா கம்பியைப் போட்டுவிட்டு ஓடினாள். "யோவ்! குதிக்காதய்யா! குதிச்சா இன்னும் உள்ள பூடுவே! காலைச் சாச்சுக்கினு முட்டியால வா. இன்னா பேய் மாரி முழிச்சிக்கினு கீறே? கைய்யக் குடு, கைய்ய!"

தோளுக்கடியில் கை கொடுத்து ஒரே இழுப்பு. இருவரும் சேற்றில் பொத்தென்று விழுந்தார்கள். அவருடைய ஒரு செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது.

"போச்சா? இந்த ஊருக்கு ரப்பர் செப்பல் போட்டுக்கினு வந்த மொத ஆளு நீதான்யா!" என்று சொல்லிவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். கரையில் வலை தைத்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சட்டென்று தன் வாயைச் சேற்றுக் கையாலேயே பொத்திக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. புருஷனை, அதுவும் என் எதிரில், 'யோவ்' என்றுவிட்டாள். எல்லாம் முடிந்தது, நாளைக்கு ஓசூர்தான் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சிரித்தார். சிரிப்பு பெரிதாகி, அவர் மறுபடியும் சேற்றில் உட்கார்ந்தே விட்டார்.

6.05. பிறகு பிடித்ததோடு சேர்த்து மொத்தம் நான்கு நண்டு. தேசிங்கு கொடுக்கைக் கயிற்றால் கட்டிக் கொடுத்தான். கிலோ அறுநூறு போகும். காசை நீட்டினால் வாங்கவில்லை. "கய்தே, மாப்ளைக்குச் செருப்பு வாங்கிக் குடு" என்றான். எண்பது ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கினேன்.

அடிபம்பில் நானும் மாப்பிள்ளையும் கால் கழுவினோம். நான் அடித்தேன், அவர் கழுவினார். இரண்டு முறை சோப்பு போட்டும் சேற்று நாற்றம் போகவில்லை.

"அவ பேசினதத் தப்பா எடுத்துக்காதீங்க மாப்ள. அவசரத்துல..." என்று இழுத்தேன்.

"மாமா" என்றார், நிமிராமல். "எங்க ஊட்ல அவ வாயத் தொறந்தா மெட்ராஸ் பாஷைன்னு எல்லாருஞ் சிரிக்கிறாங்கன்னு பேச்சையே கொறச்சுக்கிட்டாளுங்க. நானும் கூடச் சிரிச்சனுங்க. அவ குணமே அமைதின்னு நெனச்சுட்டனுங்க. இப்பிடிச் சிரிப்பான்னு எனக்கு இன்னைக்குத்தானுங்க தெரியும்."

நான் பம்பை அடித்துக்கொண்டே இருந்தேன். ஒன்பது மாதமாக நான் மாப்பிள்ளைக்கு ஊரைக் காட்டத்தான் நாள் தேடினேன். பெண் வந்து ஒரு முழு நாள் மெல்லப் பேசியதைப் பெருமையாக நினைத்திருக்கிறேன். பெற்றவனுக்கே தெரியவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது புவனா அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவர் கர்சீப்பை எடுத்து அவள் கன்னத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு வந்தார். எந்த ஊரை எழுதப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நண்டை ஐஸ் போட்டுக் கட்டி ரயிலேற்றி அனுப்பினோம்.

யாராவது காத்திவாக்கத்துக்கு நண்டு பிடிக்க வருவதாக இருந்தால், தை மாதம் வாருங்கள். அமாவாசைக்குப் பின் மூன்றாம் நாள் நல்லது. மணியை மட்டும் கரையில் இருப்பவர்களிடம் கேளுங்கள். உடன் யாரை அழைத்து வருகிறீர்களோ, அவர்களைக் கொஞ்சம் பேச விடுங்கள்.

திங்கள், காலை 11.20. யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். மூட்டைகள் மேலே தூக்கிய நிலையில் போன் வந்தது.

"எழுதிக் குடுத்துட்டனுங்க மாமா."

"எந்த ஊரு மாப்ள?"

"எண்ணூருங்க. பங்குனில வந்தர்றமுங்க."

மூட்டையை மெல்லக் கீழே இறக்கினேன். எஞ்சினை அணைத்தேன். வண்டியிலேயே திருவொற்றியூர்க் கோயில் இருக்கும் திசைக்குத் திரும்பிக் கை கூப்பினேன். பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"இன்னா தலிவா, வண்டி படுத்துக்கிச்சா?"

"இல்ல நைனா. பொண்ணு வூட்டுக்கு வருது" என்றேன்.

அவர் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு, லாரியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி எனக்கு வழி விட்டார்.