கோட்டானைத் தேடிப் போன மாலை

மாரிகுப்பம் வரைக்கும் ரயில் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. அப்போது ஒரு மார்கழியில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமான புதிது. மழை பொய்த்து, இருந்த துண்டு நிலமும் கைவிட்டுப் போய், வட ஆற்காட்டிலிருந்து தங்கச் சுரங்கத்துக்குப் பிழைக்க வந்திருந்தோம். கூலியாட்களுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லைனில் கடைசி வீடு எங்களுடையது. மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை. அதற்குப் பின்னால் பாறைகளும் பனியும்தான். பொழுது சாயும்போதே பனி இறங்கி, சுரங்கத்துப் புகைபோக்கியின் தலையை மட்டும் வெளியே விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மூடிவிடும். வாசலில் நின்றால் நான் இன்னும் தூங்கி எழவில்லையோ என்று சந்தேகமாக இருக்கும்.

என் வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட். சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில், கேஜ் என்கிற இரும்புக் கூண்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு பூமிக்குள் இறங்கிவிடும். அது யாருக்காகவும் காத்திருக்காது.

அந்த மாதம், அவர் சாப்பாட்டுத் தூக்கோடு வாசலைத் தாண்டுகிற நேரமாகப் பார்த்து பாறைப் பக்கம் ஒரு கோட்டான் குரல் கொடுக்க ஆரம்பித்தது. எங்கள் ஆட்களுக்கு அது சாவுக் குரல். பூமிக்கு மேலே வேலை செய்கிறவனே அதைக் கேட்டால் திரும்பிவிடுவான். உள்ளே இறங்குகிறவர் என்ன செய்வார்? திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, சகுனம் கழித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். சகுனம் கழியும், கேஜும் போய்விடும். இன்னொரு தடவை தாமதமானால் பேரை அடித்துவிடுவேன், மூட்டையைக் கட்டு என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். கட்டிய மூட்டையோடு எந்த ஊருக்குப் போவது?

எனக்குக் கோபமெல்லாம் அந்தக் கோட்டான் மேல்தான். அதை விரட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு மூங்கில் கழியை எடுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா, மாதா கோயிலுக்குப் போகிறவள், தட்டி ஓசை எழுப்ப ஒரு காலி மண்ணெண்ணெய் டின்னோடு கூட வந்தாள்.

"எனக்கு இந்த சகுனமெல்லாம் கெடையாது. ஆனா உன்னத் தனியா உட்டா, பனியில வழி தப்பி பாலகாட் சொரங்கத்துல போயி நின்னுகினு இருப்ப," என்றாள்.

முதல் நாள் பனியைத்தான் பார்த்துவிட்டு வந்தோம். மறுநாள், வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்த பிற்பகலில் மறுபடி போனோம். அன்று பனி முன்னதாகவே இறங்கிவிட்டது. எங்கோ மில்லில் தங்கக் கல் இடிக்கிற சத்தம் காதில் விழுவதை விட்டுவிட்டுக் காலுக்கடியில் கேட்டது. அக்காவின் சிவப்புப் புடவை தெரியும், மறையும், நினைக்காத இடத்தில் மறுபடி தெரியும். நடந்துகொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் எதற்காக வந்தேன் என்பதே மறந்து, அப்படியே நடந்துகொண்டிருந்தால் போதும் என்று தோன்றியது.

அப்போதுதான் ஒரு பாறை வெள்ளை வெள்ளையாக எச்சம் வழிந்து நின்றது. கீழே எலி மயிரும் எலும்பும் சேர்ந்த உருண்டைகள் கிடந்தன. கழியை ஓங்கினேன். காலடியிலிருந்து ஒரு பெரிய கோட்டான் எழும்பி, சற்றுத் தள்ளி விழுந்தது. ஒரு இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டியது. அடிபட்டது என்று நினைத்துத் துரத்தினேன். நான் நெருங்கினால் அது நகரும். நான் நின்றால் அதுவும் நின்று, நெருப்புத் துண்டு போன்ற கண்ணால் என்னைத் திரும்பிப் பார்க்கும்.

"இங்க வாடி. உன் எமனோட புள்ளைங்கள வந்து பாரு," என்று அக்காவின் குரல் கேட்டது.

பாறைக்கடியில் வெறும் மண்ணில் இரண்டு குஞ்சுகள், பஞ்சுப் பொதிகளாக ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு குளிரில் நடுங்கின. இறக்கை ஒடிந்ததெல்லாம் வேஷம். என்னைக் குஞ்சுகளிடமிருந்து அப்பால் கூட்டிப் போகத்தான் அந்தத் தாய் அத்தனை பாடு பட்டிருக்கிறது. எனக்கு வெட்கமாகிவிட்டது. அக்கா டின் சத்தம் போடாமல் இருக்க அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். ஓரமாகப் போய் உட்கார்ந்தோம். தாய் பறந்து வந்து குஞ்சுகள் மேல் அமர்ந்தது, நொண்டலைக் காணோம்.

வெளிச்சம் மங்கியது. பாறை உச்சியில் இன்னொரு கோட்டான் இருந்ததை அது குரல் கொடுத்தபோதுதான் பார்த்தோம். அதே சாவுக் குரல். உடனே கீழே இருந்து தாய் மெல்ல ஒரு பதில் சொன்னது. மேலே இருந்தது இறக்கையை விரித்து, சத்தமே இல்லாமல் எங்கள் தலைக்கு மேலே பனிக்குள் போய்விட்டது.

"அத்தப் பாரேன்," என்றாள் அக்கா. "அதுவும் நைட் ஷிப்டுக்குத்தான் போவுது. பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுப் போவுது."

அப்போது சங்கு ஊதியது. கழியைப் போட்டுவிட்டு ஓடினேன். நினைத்தபடியே அவர் உள்ளே உட்கார்ந்து, சொம்பை வாயருகே கொண்டு போயிருந்தார். அதைப் பிடுங்கினேன்.

"எழுந்திருங்க. அது உங்களக் கூப்பிடல. அதோட பொண்டாட்டிகிட்ட வேலைக்குப் போறேன்னு சொல்லிகினு போவுது. ரெண்டு கொழந்தைங்க கீது அதுக்கு. நான் இப்பத்தான் பாத்துட்டு வரேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, தூக்கை எடுத்துக்கொண்டு ஓடினார்.

விடியும்வரை நான் படுக்கவில்லை. சுரங்க இருட்டுக்காகத் தலையில் செருகிப்போன மெழுகுவர்த்தி உருகித் தலைத்துணியெல்லாம் ஒட்டியிருக்க வந்து நின்றவர், "கேஜ்ல கடைசி ஆளு நான்தான்," என்றார். அழுதுவிட்டேன்.

அதன் பிறகு அவர் அந்தக் குரலுக்குத் திரும்பவே இல்லை. அது கேட்டால் தூக்கை எடுத்துக் கையில் கொடுப்பேன். விடியற்காலையில் பாறைப் பக்கம் இரண்டு குரலும் சேர்ந்து கேட்டால், அவள் ஆள் வந்துவிட்டான், என் ஆளும் வருவார் என்று உலை வைப்பேன். இன்றைக்கும் மார்கழிப் பனியில் அந்தக் குரலுக்கு ஊரே கதவைச் சாத்துகிறது. எனக்கோ, அது கேட்காத மாலைகளில்தான் பயமாக இருக்கிறது.