கட்டி தட்டாத தண்ணீர்

முதல் சாம்பிள் பாட்டில் மோல்டு அச்சிலிருந்து சரியாக விழுந்த அன்று யூனிட்டில் எல்லோருக்கும் என் செலவில் மைசூர்பாகு. அதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கொண்டாட்டத்துக்குக் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

செவிலிமேடு தாண்டி இருக்கும் சின்ன பிளாஸ்டிக் யூனிட் அது. அந்த அச்சுகளைச் செய்யும் டூல் ரூமில் நான் டிசைனர். மூடி, டப்பா, தறிக்காரர்களுக்கு ஜரிகை சுற்றும் கட்டை, இவைதான் எங்கள் பிழைப்பு. ஒரு மனிதர் உயிரோடு இருக்க உதவும் பொருள் எதையும் அதுவரை நான் வரைந்ததில்லை.

1. கோமதி கேட்டது

கோமதிக்குப் பட்டுக்கடையில் சேலை எடுத்துப்போட்டுக் காட்டும் வேலை. முதலாளிக்குத் தெரிந்த குடும்பம். ஒரு மதியம் அவளை நேராக என் மேஜைக்கு அழைத்து வந்தார்.

"எங்க நைனாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை வரல மேடம். வெறும் தண்ணி குடிச்சா நெஞ்சுக்குள்ள போயிடுதுன்னு டாக்டரு ஒரு பவுடரு குடுத்துக்கிறாரு. தண்ணில கலந்தா கூழு மாதிரி ஆவும். ஒரு கையால கலக்குனா கட்டி கட்டியா நிக்குது. நான் கடைக்குப் போயிட்டா, திரும்பி வர்ற வரைக்கும் ஒரு சொட்டு குடிக்கிறதில்ல. ஸ்பூன் போட்டுக் கலக்காம தானா கலக்குற மாதிரி ஒரு பாட்டிலு செய்ய முடியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி சொல்லிவிட்டார். "முடியும்மா. மேடம் செஞ்சிக் குடுப்பாங்க. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா விக்கலாம் இத."

2. இடுப்பு

ஜிம்முக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும், உள்ளே கம்பிப் பந்து போட்ட ஷேக்கரை முதலில் வாங்கிப் பார்த்தேன். அதைக் குலுக்கத் தெம்பு வேண்டும். ஒரு கையோடு உட்கார்ந்திருப்பவரிடம் அது ஏது? கவிழ்த்து நிமிர்த்தினாலே கலந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பாட்டிலை உடுக்கை மாதிரி வரைந்தேன். இரண்டு பாதி, நடுவில் இடுப்பு. இடுப்பில் மரை போட்டு இணைத்து, உள்ளே சாய்வான பிளேடுகள் வைத்த ஒரு வளையம். கவிழ்த்தால் தண்ணீர் அந்த வளையம் வழியாகச் சுழன்று விழும். சோதனைக்குக் கடைந்த மாதிரியில் முதலில் பவுடர் அடிமூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. மூலைக்கு ரேடியஸ் கொடுத்து வளைவாக்கினேன். பிறகு நுரை வந்தது. பிளேடின் ஆங்கிளை மாற்றினேன். கடைசியில் கலந்ததை டீ வடிகட்டியில் ஊற்றிப் பார்த்தபோது ஒரு கட்டிகூடத் தங்கவில்லை. சிந்தாமல் இருக்கட்டும் என்று வாயைக் குறுகலாக வைத்தேன். அதன்படி இரும்பில் மோல்டு வெட்டி முதல் சாம்பிள் விழுந்தது. மைசூர்பாகு வாங்கியது அப்போதுதான்.

3. அண்ணாந்து

சாம்பிளை எடுத்துக்கொண்டு சின்ன காஞ்சிபுரத்தில் கோமதி வீட்டுக்குப் போனோம், நானும் முதலாளியும். அவள் அப்பா மாணிக்கம் ஐயா கல்யாணச் சமையல் மாஸ்டர். பாட்டிலை முழங்காலிடுக்கில் பிடித்து, இடது கையால் தண்ணீரும் பவுடரும் அவரே போட்டுக்கொண்டார். மூடினார். கவிழ்த்தார், நிமிர்த்தினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கட்டி தட்டல," என்றார். நல்ல பாகு பதத்தைப் பார்த்த முகம்.

அடுத்து, தலையைப் பின்னால் சாய்த்து, பாட்டிலை உயரத் தூக்கி வாய்க்குள் ஊற்றினார். டாக்டர் கூடவே கூடாது என்று சொன்னது அந்தத் தலைச்சாய்ப்பைத்தான்.

"நைனா, வேணாம்" என்று கோமதி பாய்வதற்குள் புரையேறிவிட்டது. முகம் கறுத்துப் போனது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மூச்சு திரும்பியது.

"வாய வச்சிக் குடி நைனா," என்று அவள் அழுதாள்.

"எத்தினி கல்யாணத்துக்கு ஆக்கிப் போட்டுக்கிறேன். பாத்திரத்துல வாய வச்சா மீதி எச்சிலாயிடாது? அத மூடி வச்சி மறுபடியும் குடிக்கச் சொல்றியா? அதுக்கு தாகத்தோடவே கெடக்கலாம்."

நானும் அண்ணாந்து குடிப்பவள்தான். எங்கள் யூனிட்டில் எல்லோரும் அப்படித்தான். ஆனால் வரையும்போது ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

4. மீதி இல்லாத அளவு

திரும்பி வரும் டவுன் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அவருக்குச் சிக்கல் உதடு படுவதில் இல்லை, மீதி எச்சிலாவதில். ஒரு தடவை குடிக்கும் அளவுக்கு மேல் பிடிக்காத சின்னக் குவளையாக இருந்தால் மீதியே கிடையாது. வாயை அகலமாக்கி, மூக்கு இடிக்காமல் விளிம்பில் ஒரு வெட்டு கொடுத்தால், மோவாயைக் கீழே இறக்கியே குடிக்கலாம்.

மறுநாள் டிராயிங்கோடு முதலாளி முன்னால் நின்றேன்.

"மோல்டு வெட்டியாச்சும்மா. இன்னொரு தபா இரும்பு வெட்ட நான் எங்க போறது? ஜிம் பாட்டிலுன்னு சொல்லித் தள்ளிடலாம், வுடு."

வியாபாரக் கணக்கில் அவர் சொன்னது தப்பில்லை. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. மோல்டு இல்லாமல் ஒன்றே ஒன்றாவது செய்வது என்று, லேத் காலியாகும் நேரமெல்லாம் அக்ரிலிக் கட்டையைப் பிடித்து நானே கடைந்தேன். ஆர்டர் வேலைக்கு நடுவே அது இழுத்துக்கொண்டே போனது. முடித்துக்கொண்டு போன அன்று மாணிக்கம் ஐயா கட்டிலில் இருந்தார். மூக்கில் டியூப்.

புரையேறிய பயத்தில், மகள் கலந்து கொடுப்பதைக் குடிப்பதையும் அவர் குறைத்துவிட்டாராம். பிறகு காய்ச்சல், நெஞ்சுச் சளி, ஆஸ்பத்திரி. இனி வாய்வழியாக எதுவும் தரக்கூடாது என்று அனுப்பியிருந்தார்கள். கோமதி வாசலிலேயே இதைச் சொன்னாள். குவளையைப் பைக்குள் தள்ளினேன். அவர் பார்த்துவிட்டார்.

"அத இப்டி குடும்மா."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோமதியிடம் தண்ணீரும் பவுடரும் கேட்டுப் போடச் சொன்னார். இடது கையால் கவிழ்த்தார், நிமிர்த்தினார். மூடியைத் திறக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

"குடிம்மா."

கோமதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் வாய் வைத்து, மோவாயை இறக்கி, மீதி வைக்காமல் குடித்தேன். ருசியே இல்லாத கூழ்.

"கட்டி எதுனா கீதா?"

"இல்லீங்கய்யா."

"அப்ப சரி," என்று தலையணையில் சாய்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. புதிதாக டூல் ரூமுக்கு வருகிற நீங்கள் டிராஃப்ட் ஆங்கிள், பார்ட்டிங் லைன் என்று மோல்டு நுணுக்கமெல்லாம் என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டு வருகிறீர்கள். நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். கோமதி கலக்குகிற பாட்டில் கேட்டாள், நானும் கலக்குகிற பாட்டிலையே செய்தேன். அந்த மனிதருக்குத் தாகம் என்பது எனக்குக் கடைசியில்தான் உறைத்தது.