அடையாறு பாலத்தில் நின்றுவிட்ட குதிரை

ஊறவைத்த கொள்ளு, ஈரச் சாக்கு, குதிரையின் வியர்வை... மூன்றும் கலந்த ஒரு வாசனை. அந்த வருடம் முழுக்க என் துப்பட்டாவில் அதுதான் இருந்தது. ஈக்காட்டுத்தாங்கல் ஆபீசில் பக்கத்து சீட்டுப் பெண் தினமும் ஃபேனைத் திருப்பி வைப்பாள்.

அப்போது நான் பட்டினப்பாக்கத்தில் ஸ்டெல்லா அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் மாமா, பெசன்ட் நகர் பீச்சில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி ரவுண்டு அடிப்பவர். ஒருநாள் அந்தக் குதிரை வயிறு உப்பிச் செத்துப்போனது. அதே மாதம் மாமா பைக்கிலிருந்து விழுந்து, காலில் கட்டோடு படுத்துவிட்டார்.

"நானே குதிரை ஓட்றேன்," என்றாள் அக்கா, மீன் கழுவிக்கொண்டே.

பீச்சுக்குப் பழகிய குதிரை வாங்க எங்களுக்கு வழியில்லை. சேணமே பார்க்காத குட்டி என்றால்தான் கட்டுப்படியாகும். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் தேடி அலைந்தோம். ஒன்று நொண்டியது. ஒன்றுக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது. இன்னொன்று அக்காவின் தோளைக் கவ்வப் பார்த்தது. ஒவ்வொன்றும் வேண்டாம் என்று ஆகும்போது எனக்கு உள்ளுக்குள் நிம்மதி...

கடைசியில் ஆதம்பாக்கத்தில், ஒரு பழைய குடோனுக்குப் பின்னால், தரகர் காதர் பாய் ஒரு செம்பழுப்புப் பெண் குட்டியைக் காட்டினார்.

"பொய் சொல்ல மாட்டேம்மா. இது மேல இன்னும் ஒர்த்தரும் ஏறல. கடிக்காது, ஒதைக்காது. ஆனா பயப்படும். எல்லாத்துக்கும் பயப்படும்."

அக்கா அதன் கழுத்தில் கை வைத்தாள். தோல் சிலிர்த்தது. ஆனால் விலகவில்லை.

"இதாண்டி."

"வேணாக்கா. ரோட்ல மிரண்டு ஓடுனா இன்னா பண்ணுவ? மாமாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாம்."

"கேட்டா வேணாம்னுவாரு."

வாங்கிவிட்டாள்.

ஏற்றிப்போக 'குட்டியானை' என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று பேசியிருந்தோம். குதிரை பலகையில் கால் வைக்கவே மாட்டேன் என்றது. டிரைவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். வேறு வழியில்லாமல் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டே புறப்பட்டோம். கிண்டி தாண்டியது. அடையாறு சிக்னலும் தாண்டியது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பாலத்தின் நடுவில் பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

குதிரை நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. உடம்பெல்லாம் நடுக்கம். இரண்டு பக்கமும் வண்டிகள்... "ஏம்மா, ஓரம் கட்டும்மா!" என்று யாரோ கத்தினார்கள். அது பின்பக்கமாக நகர ஆரம்பித்தது, நேரே பஸ்ஸை நோக்கி. கயிறு அக்காவின் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. கைப்பிடிச் சுவருக்குக் கீழே ஆறு தெரிந்தது. அக்காவை இழுத்துக்கொண்டு இது குதித்துவிடும் என்றே நினைத்தேன்.

"துப்பட்டாவ குட்றீ!"

கொடுத்தேன். அக்கா அதைக் குதிரையின் கண்களுக்கு மேல் சுற்றிக் கட்டினாள்.

"அந்தாண்ட போய் நில்லு. ஒட்டி நில்லு. எதுனா பேசிக்கினே வா."

அதன் தோளோடு என் தோளை ஒட்டினேன். அதன் நெஞ்சு அடிப்பது என் உடம்பில் கேட்டது. ஜெபம்கூட வாயில் வரவில்லை. ஆபீசில் யார் யார் என்ன சாப்பாடு கொண்டுவருவார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடந்தேன். எலுமிச்சை சாதம், தயிர் சாதம், கருவாட்டுக் குழம்பு... அது ஒரு அடி வைத்தது. பிறகு இன்னொன்று. பஸ் டிரைவர் ஹாரனை விட்டுவிட்டு, பாலம் முடியும்வரை எங்கள் பின்னாலேயே மெதுவாக வந்தார். இன்றும் அவரை நினைத்துக்கொள்வேன்.

வீட்டு வாசலில் மாமா எங்களையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"தண்ணி காட்டுனியா அதுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

ரோசி என்று பெயர் வைத்தோம். அலையைக் கண்டால் பயம், காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பைக்குப் பயம், தன் நிழலுக்கே பயம். விடிந்ததும் நான் கயிற்றைப் பிடிக்க, அக்கா அதன் முதுகில் வெறும் சாக்கைப் போடுவாள். பிறகு மணல் சாக்கு. அப்புறம் அவளே ஏறினாள். ஒருமுறை தூக்கி எறிந்ததில் அக்காவின் மணிக்கட்டு வீங்கிப்போனது. அன்று நான் அழுதேன். அவள் வீங்கிய கையைக் கடல் தண்ணீரில் நனைத்துவிட்டு மறுபடி ஏறினாள்.

பெசன்ட் நகரில் முதல் சவாரி ஒரு சின்னப் பெண். "கடிக்குமா?" என்று அவள் அப்பா கேட்டார். "கடிக்காதுங்க," என்றாள் அக்கா. பாதி ரவுண்டில், பக்கத்திலேயே ஒரு பலூன் படாரென்று வெடித்தது.

ரோசி ஒரு குலுங்கு குலுங்கியது. காதை மடக்கியது. அக்கா பக்கம் தலையைத் திருப்பியது... அப்படியே நின்றது. குழந்தை சிரித்தாள். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வீட்டை நிமிர்த்தியது ரோசிதான். மாமா கால் சரியாகி வந்த பிறகும், பீச்சில் கயிறு அக்காவின் கையில்தான் இருந்தது.

இப்போது நான் மந்தைவெளியில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறேன். பட்டினப்பாக்கத்தில் அக்கா வீட்டை அரசாங்கம் காலி செய்து, அவர்களை ஊருக்கு வெளியே செம்மஞ்சேரிக்கு அனுப்பிவிட்டது. ரோசிக்கு வயதாகிவிட்டது, சவாரிக்கு விடுவதில்லை. போன வாரம் அக்கா ஒரு வீடியோ அனுப்பினாள். யாரோ விற்கிற இளம் குதிரை, பளபளவென்று ஓடுகிறது. அப்போதெல்லாம் ஒவ்வொன்றாக நேரில் போய்த் தேட வேண்டும். இப்போது கட்டிலில் படுத்தபடியே பத்துக் குதிரை பார்த்துவிடலாம்.

"நல்லாதானே கீதுக்கா? பேசி முடிச்சிடேன்," என்றேன்.

"வீடியோல அது பயப்படுறது தெரியாதுடி. நீ வரியா, இன்னா சொல்ற?"

ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.

ஒரு பழைய துப்பட்டாவை இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டேன்.