மணிக்கட்டில் கட்டிய ரிப்பன்

எங்கள் கான்வென்டில் கடவுளுக்கு அடுத்தபடியாகப் பயப்பட வேண்டியது கறுப்பு ரிப்பனுக்குத்தான். இரட்டைப் பின்னலை மடித்து ரிப்பன் கட்டாமல் வருகிறவள், காலைப் பிரேயர் முடியும்வரை கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். அம்மா படித்த காலத்திலும் இதே சட்டம்தான். இப்போது அங்கே படிக்கும் என் மகளுக்கும் இதே சட்டம்தான். அந்தக் காலத்தில் கப்பலேறி வந்த கன்னியர்கள் ஓலைக் கொட்டகையில் பள்ளியைத் தொடங்கியபோதே ரிப்பனையும் கொண்டுவந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

ஆனாலும் அந்தப் பள்ளி எனக்கு உயிர். வராந்தாவில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். மதியம் மணி அடித்ததும் மைக்கில் தலைமை சிஸ்டரின் குரல் வரும். திருநீறு பூசியவளும் நோன்பிருக்கிறவளும் சேர்ந்தே எழுந்து கண்ணை மூடுவோம். யாருக்கு என்ன கஷ்டம் என்று சிஸ்டர் சொல்லச் சொல்ல, முகம் தெரியாதவர்களுக்காகவும் வேண்டிக்கொள்வோம்.

ஆறாம் வகுப்பில், கிறிஸ்துமஸ் நாடகத்தில் மாதா வேடம் எனக்குக் கிடைத்தது. இடுப்பைத் தாண்டித் தொங்கிய முடிதான் என் தகுதி. எங்கள் ஊரான அடி அண்ணாமலையில், எங்கள் தெருவில் அதைச் சொல்லாத வீடில்லை. அந்தச் சமயம் பார்த்து, கிரிவலப் பாதையில் கடை வைத்திருந்த அப்பாவைக் காய்ச்சலென்று வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். “சும்மா காய்ச்சல்தான், வந்துடுவாரு” என்று சித்தி சொன்னார். நானும் நம்பி வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் சிஸ்டர் மதியம்தோறும், “நம்ம பிள்ளை ஒருத்தியோட அப்பா ரொம்ப சீரியஸா இருக்கார், வேண்டிக்குங்க” என்பார். பாவம், யாரோ என்று நானும் உருகி உருகி வேண்டிக்கொண்டேன்.

அப்பா வீடு திரும்பிய மறுநாள் விடிந்ததும், அம்மா என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போய் மொட்டை போட்டுவிட்டார். அண்ணாமலையாருக்கு வேண்டுதலாம். வேண்டிக்கொண்டவர் தன் முடியையல்லவா கொடுக்க வேண்டும்?

“ஒரு காய்ச்சலுக்கு இது ரொம்ப ஜாஸ்திம்மா” என்று அழுதேன்.

“சாமிகிட்ட சொல்லிட்டேன்டி” என்றார் அம்மா. அத்தோடு பேச்சு முடிந்தது. பள்ளிக்குக் கிளம்பும்போது, சட்டம் மீறக் கூடாதே என்று ரிப்பன் இரண்டையும் என் மணிக்கட்டுகளில் பூப்போலக் கட்டி அனுப்பினார்.

கேட்டிலேயே நாடக மிஸ் பார்த்துவிட்டார். “இந்தத் தலையோட எப்படிம்மா மாதா வேஷம் போடுவ? வேற யாரையாவதுதான் பாக்கணும்.”

அதற்குள் தலைமை சிஸ்டர் வந்துவிட்டார். சந்தனம் பூசிய என் தலையை ஒரு கணம் பார்த்தார். “அப்பா வீட்டுக்கு வந்துட்டாராம்மா?” என்று கேட்டார்.

“வந்துட்டாரு சிஸ்டர். கஞ்சி குடிக்கிறாரு.”

வேடம் போகிற நேரத்தில் கஞ்சியைப் பற்றி என்ன பேச்சு என்று எனக்கு எரிச்சல். சிஸ்டருக்குக் கண் கலங்கியிருந்தது. கையில் சந்தனம் ஒட்டுவதைக்கூடக் கவனிக்காமல் என் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு மிஸ்ஸிடம், “மாதா முக்காடு போட்டுத்தானே இருக்காங்க? என்னோடதே ஒண்ணு தரேன், இவளே நடிக்கட்டும்” என்றார். என் கைகளைப் பார்த்துச் சிரித்து, “ரிப்பன் சரியா இருக்கு, உள்ள போ” என்றார். அவரைப் போல இன்னொருவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

அப்பா பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா சிஸ்டரிடம் வந்து அழுதாராம். பிள்ளை பயந்துபோவாள், பேர் மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம்.

மொட்டை போட்ட அன்று மதியம் மைக்கில் சிஸ்டரின் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. “நாம வேண்டிக்கிட்ட அந்த அப்பா நல்லபடியா வீடு வந்துட்டார். நன்றி சொல்லுவோம்.”

பள்ளி முழுவதும் கண்ணை மூடியது. இத்தனை பேர் வேண்டிக்கொள்ளும் அளவுக்கு அந்த அப்பாவின் மகள் கொடுத்துவைத்தவள் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே பக்கத்தில் நின்றவளிடம் கேட்டேன்: “எந்த கிளாஸ் பொண்ணுடி அது?”